நடக்க முடியாத குஞ்சு: மருந்துக்கு முன் மூன்று கேள்விகள்

"குஞ்சு நடக்க மாட்டேங்குது, படுத்தே கிடக்குது. என்ன மருந்து கொடுக்கலாம்?" நாட்டுக்கோழி வளர்ப்போர் கால்நடை மருந்தகத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கால் முடங்குவது தனியொரு நோய் அல்ல. பல கோளாறுகள் வெளியே காட்டும் ஒரே அடையாளம். அவற்றில் சில, செலவே இல்லாமல் ஒரு கட்டுப் போட்டால் சரியாகிவிடும். சிலவற்றுக்குச் சத்து மருந்து போதும். இன்னும் சிலவற்றுக்கு மருந்தே கிடையாது. அந்தக் குஞ்சைக் கூட்டத்தோடு விட்டால் மற்றவையும் போகும். பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு தெரிவது முக்கியம்.

எனவே மருந்து வாங்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். குஞ்சுக்கு எத்தனை நாள் வயது? பாதிப்பு ஒரு காலிலா, இரண்டு காலிலுமா? ஒரு குஞ்சுக்கு மட்டுமா, பலவற்றுக்குமா?

முதலில் கையில் எடுத்துப் பாருங்கள்

வீட்டைச் சுற்றி மேயும் குஞ்சுகளின் விரலில் தலைமுடி, சாக்கு நூல் சுற்றி இறுகுவது சாதாரணம். வெளியே வீக்கம் மட்டுமே தெரியும். சிறு கத்தரியால் நூலை வெட்டி, புண்ணில் மஞ்சள் பூசினால் போதும். உள்ளங்காலில் முள் தைத்திருக்கிறதா, மூட்டு சூடாக வீங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சூடான வீக்கம் இருந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுவதே வழி. தாய்க்கோழி மிதித்து எலும்பு முறிந்திருந்தால் அந்தக் கால் மட்டும் தொங்கும்.

முதல் வாரம்: கால் விரிதல்

பொரித்த சில நாட்களில் இரண்டு கால்களும் பக்கவாட்டில் விரிந்து, நீச்சல் அடிப்பது போலக் குஞ்சு தவழ்ந்தால், பெரும்பாலும் தரைதான் காரணம். செய்தித்தாள், பிளாஸ்டிக் தாள், வழவழப்பான அட்டை ஆகியவற்றில் கால் பிடிமானம் கிடைக்காது. குஞ்சுப் பொரிப்பானில் வெப்பம் முன்பின் ஆவதாலும் இது வரும்.

இதற்குக் கட்டுத்தான் வைத்தியம். மருந்துக் கடையில் கிடைக்கும் பிளாஸ்திரியில் அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கால்களையும் உடம்புக்கு நேர் கீழே கொண்டுவந்து, பாதத்துக்கு மேலே, எட்டு வடிவில் சுற்றுங்கள். கால்களுக்கு இடையே குஞ்சு இயல்பாக நிற்கும் இடைவெளி, அதாவது சுமார் ஓர் அங்குலம் இருக்கட்டும். ரப்பர் வளையம் போடக் கூடாது. ரத்த ஓட்டம் நின்றுவிடும். விரல் வீங்கினாலோ, நீலம் பாய்ந்தாலோ உடனே தளர்த்த வேண்டும். தினமும் நாலைந்து முறை சில நிமிடங்கள் பிடித்து நிற்க வையுங்கள். பொதுவாக இரண்டு முதல் நான்கு நாட்களில் கால் நிலைக்கும். பொரித்த இரண்டு, மூன்று நாட்களுக்குள் கட்டினால் நல்ல பலன் உண்டு. ஒரு வாரம் தாண்டினால் எலும்பு அந்த நிலையிலேயே உறுதியாகிவிடும். பிறகு கட்டியும் பெரிதாகப் பயனில்லை.

இரண்டு, மூன்று வாரம்: சத்துக் குறை

விரல்கள் முஷ்டி மடக்கியது போல உள்பக்கம் சுருண்டு, குஞ்சு கணுக்காலில் உட்கார்ந்து நகர்ந்தால் அது வைட்டமின் பி2 குறைவின் அடையாளம். வெறும் நொய்யும் சோறும் தின்று வளரும் குஞ்சுகளில் இதைப் பார்க்கலாம். பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தை லேபிளில் சொன்ன அளவில் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பி2 வீணாகும் என்பதால் தண்ணீரை நிழலில் வைத்து, தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். தொடக்கத்திலேயே கொடுத்தால் விரல் நிமிரும். நாள்பட்டால் நரம்பு கெட்டு, அப்படியே நின்றுவிடும்.

அலகை அழுத்தினால் ரப்பர் போல வளைகிறதா? கால் எலும்பும் வளைந்திருக்கிறதா? அது சுண்ணாம்பு, பாஸ்பரஸ், வைட்டமின் டி3 குறைபாடு. காலை வெயிலில் மேய விடுவதும், குஞ்சுத் தீவனத்தில் தாது உப்புக் கலவை சேர்ப்பதும் உதவும். அதற்காக முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை சதவிகிதம் அளவுக்கு இருக்கும்; குஞ்சுக்கு ஒரு சதவிகிதமே தேவை. மிகையானது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கணுக்கால் மூட்டு தடித்து, ஒரு கால் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டால், பின்பக்கத் தசைநாண் அதன் பள்ளத்திலிருந்து நழுவியிருக்கலாம். மாங்கனீசு, கோலின் குறைவு இதற்கு முக்கியக் காரணம். நழுவியது தெரிந்தவுடன் மருத்துவரிடம் கொண்டுபோனால் தள்ளி வைக்க முடியும். நாளானால் சத்து மருந்தால் கால் நேராகாது. மற்ற குஞ்சுகளுக்கு வராமல் காக்க மட்டும் அது பயன்படும்.

ஆறு வாரத்துக்கு மேல்: மேரக்ஸும் வெள்ளைக்கழிச்சலும்

வளரும் கோழி ஒரு காலை முன்னேயும் மறு காலைப் பின்னேயும் நீட்டிப் படுத்தால், மேரக்ஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். நரம்பைத் தாக்கும் வைரஸ் நோய் இது. 1907-ல் ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் இதை விவரித்ததால் அவர் பெயரே நிலைத்தது. இதற்கு மருந்து இல்லை. இறகுத் தூசி வழியாகப் பரவும் கிருமி, கொட்டகையில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். பொரித்த முதல் நாளே போடும் தடுப்பூசிதான் காப்பு. எனவே குஞ்சு வாங்கும்போது, "மேரக்ஸ் ஊசி போட்டாச்சா?" என்று கேட்டு வாங்குங்கள்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவற்றோடு கால் வாதம் வந்து, பல கோழிகள் ஒரே சமயத்தில் விழுந்தால் அது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயாக இருக்கலாம். உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இறந்தவற்றைச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள்; ஓடையிலோ குப்பைமேட்டிலோ வீசாதீர்கள். முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலடியில் ஊசியும் போட்டுவந்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

நொண்டும் குஞ்சைக் காப்பாற்ற

எந்தக் காரணமானாலும் முதல் வேலை தனியே பிரிப்பது. சாக்கு விரித்த அட்டைப்பெட்டி போதும். நொண்டும் குஞ்சு பெரும்பாலும் கால் வலியால் சாவதில்லை. மற்றவை மிதிப்பதாலும், தீவனத்துக்கும் தண்ணீருக்கும் எட்ட முடியாததாலும்தான் சாகிறது. எனவே இரண்டையும் அலகுக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டால் குஞ்சு மூழ்காது. முதல் வாரத்துக் குஞ்சுக்கு 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது ஆபத்து.

ஒரு வாரம் பார்த்தும் நிற்காத, தானாகத் தின்ன முடியாத குஞ்சை மேலும் வைத்திருப்பது அதற்கு வேதனைதான். அந்த முடிவை மருத்துவரைக் கேட்டு எடுங்கள். சற்றுக் கோணலாக நடந்தாலும் மேய்ந்து தின்னும் குஞ்சைக் கழிக்க வேண்டியதில்லை. முட்டைக்கோ கறிக்கோ வளர்க்கலாம். ஆனால் காரணம் தெரியாத கால் ஊனம் உள்ள சேவலையோ பெட்டையையோ இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள்.

அடுத்த அடை வைக்கும் முன்பே தரையில் இரண்டு அங்குலம் உமி பரப்பி வையுங்கள். முதல் இரண்டு நாள் உமியின் மேல் சாக்கு விரித்தால் குஞ்சு உமியைத் தின்னாது, காலும் வழுக்காது. நொய்யோடு முறையான குஞ்சுத் தீவனமும், பொடியாக நறுக்கிய முருங்கைக் கீரையும் சேர்ந்தால் மேலே சொன்ன சத்துக் குறைகளில் பெரும்பாலானவை எட்டிப் பார்க்காது. அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். அழைக்கும்போது அந்த மூன்று கேள்விகளுக்கான விடை கையில் இருந்தால், மருத்துவரின் வேலை பாதி முடிந்தது போலத்தான்.