பாதி மாத்திரையின் கணக்கு

சோல்பிடெம் என்னும் தூக்க மாத்திரை அமெரிக்காவில் 1992-இல் அனுமதி பெற்று, இருபது ஆண்டுகள் விற்பனையான பிறகே, 2013-இல், பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கும்படி அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் கூறியது. பெண்ணுடலிலிருந்து இம்மருந்து மெதுவாகவே வெளியேறுவதால், இரவில் விழுங்கியது காலையில் காரோட்டும் வேளையிலும் இரத்தத்தில் எஞ்சியிருந்தது. கருத்தரிக்கக்கூடிய பெண்களை மருந்துச் சோதனையின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்க வேண்டாமென்று 1977-இல் வழிகாட்டி, 1993-இல் அதைத் திரும்பப் பெற்றதும் இதே நிர்வாகம்தான். காப்பதாக எண்ணி அறியாமையை வளர்த்த ஏற்பாடு அது. உடற்கூறு சார்ந்த வேறுபாட்டைப் ‘பால்’ என்றும், சமூகம் வகுத்ததைப் ‘பாலினம்’ என்றும் ஆய்வாளர் பிரிப்பர்; மருந்து வெளியேறும் வேகம் முன்னதைச் சேர்ந்தது, விறகடுப்புப் புகை பெரும்பாலும் பெண்ணின் நுரையீரலையே தேடிச் செல்வது பின்னதைச் சேர்ந்தது.