எழுதி வாங்கிய சமரசம்

நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும், அங்கிருந்து வெளியேறியவர்கள் குடியேறிய தாமான் குடியிருப்புகளிலும் எழும் பணத் தகராறுகளில் பல சிறியவை. கல்யாணப் பந்தலுக்குக் கொடுத்துத் திரும்பி வராத முன்பணம், பெயர் மாற்றாமல் கைமாறிய மோட்டார் சைக்கிள், சம்பளம் போட்டதும் தருகிறேன் என்று வாங்கிய கைமாற்று. ஈராயிரம் ரிங்கிட்டுக்காக வக்கீல் வைத்தால் வக்கீல் செலவே அதைத் தின்றுவிடும். விட்டுவிட்டால் பணமும் போய் உறவும் போய்விடும். இதற்கு இரண்டு வழிகள் சட்டத்திலேயே இருக்கின்றன: சிறு கோரிக்கை நீதிமன்றம், சமூக சமரசம். ஒன்று சண்டைக்காரர்களுக்கு, மற்றது சாதுக்களுக்கு என்று நம்மவர்கள் பிரித்து வைத்திருப்பதால்தான் இரண்டும் பயனற்றுக் கிடக்கின்றன என்பது என் கருத்து. சமரசம் நிலைக்க வேண்டுமானால் அதன் பின்னால் நீதிமன்றம் நிற்க வேண்டும். இரண்டையும் இணைப்பது கையெழுத்திட்ட ஒரு தாள்.

பழைய தோட்டத்தில் அந்தத் தாள் தேவைப்படவில்லை. லின்சம், சுவா பெத்தோங், சிலியாவ், லாபு என்று எந்தத் தோட்டமானாலும், கோயில் முன்பாக நாலு பெரியவர்கள் கூடிச் சொன்னது நடந்தது. அவர்கள் பேச்சுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும். கடன் வாங்கியவரும் கொடுத்தவரும் ஒரே லயத்தில் குடியிருந்தார்கள், மறுநாள் விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் ஒரே பிரட்டுக்களத்தில் நின்றார்கள், ஒரே திருவிழாவுக்கு வரி கொடுத்தார்கள். ஊர்ப் பேச்சை மீறியவர் ஒதுங்கி வாழ இடமில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டு, குடும்பங்கள் நீலாய்க்கும் சிரம்பானுக்கும் பகாவுக்கும் சிதறிய பிறகு அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது. இன்று பெரியவர்கள் முன்னால் தலையாட்டிவிட்டு வேறு ஊருக்கு வீடு மாறிப் போகிறவரை யாரும் எதுவும் செய்ய முடியாது. பஞ்சாயத்து என்ற பெயர் மிஞ்சியிருக்கிறது, அதன் பிடிமானம் போய்விட்டது.

தோட்டத் தமிழர் நீதிமன்றத்தைத் தமக்குரிய இடமாக நினைக்காததற்கும் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் கீழ்நிலை நீதிமன்றச் சட்டத்தில் பெங்குலு நீதிமன்றம் என்று ஒன்று இருந்தது. கிராமத் தலைவர் 50 ரிங்கிட் வரையிலான கடன் வழக்கை விசாரிக்கலாம். ஆனால் இரு தரப்பாரும் மலாய் பேசிப் புரிந்துகொள்ளும் ஆசியராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தமிழ் மட்டுமே அறிந்த பால்மரத் தொழிலாளிக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. (2010இன் திருத்தச் சட்டம் அந்த நீதிமன்றத்தையே நீக்கிவிட்டது.) சம்பளத் தகராறுக்குத் தொழிற்சங்கம் பிறந்தது, பி.பி. நாராயணன் முன்னின்று நடத்திய நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கம் 1946இல் தொடங்கியது. தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான பணப் பூசலோ கோயில் வாசலிலேயே நின்றுவிட்டது. இதே மாநிலத்தின் மலாய்க்காரர்களுக்கு அடாட் பெர்பாத்தே மரபில் புவாபாக், லெம்பாகா, உண்டாங் என்ற மரபுத் தலைவர்களிடம் படிப்படியாக முறையிட இடம் இருந்தது. நமக்கு முதல் படி மட்டுமே இருந்தது, அடுத்த படி இல்லை.

இப்போது அடுத்த படி இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளில் 93ஆம் கட்டளை, 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத கோரிக்கைகளை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் எளிய முறையில் விசாரிக்க வகை செய்கிறது. வழக்குத் தொடுப்பவர் தனிமனிதராக இருக்க வேண்டும். ஆகவே கடன் கொடுக்கும் கம்பெனிகள் ஏழைகளை வரிசையாக இழுத்து நிறுத்த இதைப் பயன்படுத்த முடியாது. வக்கீல் வைக்கக் கூடாது. 198ஆம் பாரத்தில் யார், யாரிடம், எவ்வளவு, எதற்காக என்பதைச் சுருக்கமாக எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். பாரம் கையில் கிடைத்த எதிர்த்தரப்பு 14 நாளுக்குள் 199ஆம் பாரத்தில் பதில் தர வேண்டும். விசாரணை நாளில் இரு தரப்பும் இணங்கிப் போக முடியுமானால் அதற்கு உதவ வேண்டும் என்று விதியே மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்கிறது. ஆக, நீதிமன்றமும் முதலில் சமரசத்தைத்தான் தேடுகிறது.

மறுபக்கம், 2012இன் சமரசச் சட்டமும் ருக்குன் தெத்தாங்கா (அண்டை அயலார் அமைப்பு) சட்டமும் அண்டை அயலார் பூசலைப் பேசித் தீர்ப்பதற்கு இடம் தந்திருக்கின்றன. ஒற்றுமைத் துறை 2007 முதல் சமூக சமரசர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. ஒப்பந்தம் ஏற்பட்டால் அதை எழுத்தில் வடித்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும், சமரசர் அதை உறுதிப்படுத்த வேண்டும். அந்த ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று சட்டம் சொல்கிறது. பழைய பஞ்சாயத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். “பாக்கி 2,400 ரிங்கிட், மாதம் 200 வீதம், ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள், இன்ன வங்கிக் கணக்கில்” என்று நாலு வரி இருந்தால், மூன்றாம் மாதம் பணம் நின்றவுடன் அந்தத் தாளையும் வங்கிச் சீட்டையும் 198ஆம் பாரத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம். “பார்த்துக் கொடுத்துவிடுவான்” என்ற வாய்ச்சொல்லை மாஜிஸ்திரேட்டிடம் எப்படிக் கொடுப்பது?

சொந்தக்காரனைக் கோர்ட்டுக்கு இழுப்பது அசிங்கம் என்பார்கள். அந்த மனத்தடையை நான் மதிக்கிறேன். ஆனால் உறவை முறிப்பது பெரும்பாலும் வழக்கு அல்ல. கேட்கவும் முடியாமல் மறக்கவும் முடியாமல் வருஷக்கணக்கில் மனதில் கிடக்கும் கடன்தான். எழுதி வாங்குவதை அவநம்பிக்கையாகப் பார்க்கும் பழக்கம் கொடுத்தவரைவிட வாங்கியவரையே அதிகம் அவமானப்படுத்துகிறது, ஏனெனில் அவர் திருப்பிக் கொடுத்த தொகைக்கும் ஆதாரம் இருப்பதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு, பெரியவர்கள் நடுநிலையானவர்களா என்பது. கோயில் கமிட்டியில் கோஷ்டி உண்டு, சாதி உண்டு. ஒரு பெண் எதிர்த்துப் பேசினால் வாயை அடைக்கும் கூட்டமும் உண்டு. இதை மறுக்க முடியாது. ஆகவேதான் பழைய பஞ்சாயத்தை அப்படியே மீட்கக் கூடாது என்கிறேன். சமரசச் சட்டத்தின்படி சமரசர் பயிற்சியோ அனுபவமோ பெற்றவராக இருக்க வேண்டும், தம் நடுநிலையைப் பாதிக்கக்கூடிய தொடர்பு இருந்தால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பேசியது வெளியே போகக் கூடாது. பிடிக்காதவர் எழுந்து போகலாம், எழுந்து போனவருக்கு நீதிமன்றம் திறந்தே இருக்கும். இலங்கையில் 1988இன் சமரச சபைச் சட்டம், குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பூசலை முதலில் சபைக்குக் கொண்டுபோவதைக் கட்டாயமாக்கியது. மலேசியாவில் கட்டாயமில்லை, எழுத்தில் அனுப்பிய அழைப்புக்கு 14 நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே கொள்ளப்படும். வற்புறுத்தும் ஊர்க்கூட்டங்களைப் பார்த்த நமக்கு இந்த ஏற்பாடே பொருத்தம்.

தீர்ப்பு வந்தும் பணம் வராவிட்டால்? கட்டாதவரை மறுபடி அழைத்துக் காரணம் கேட்கவும், தவணை விதிக்கவும், பொருளைக் கைப்பற்றவும் நீதிமன்றத்தால் முடியும். ஒன்றுமே இல்லாதவரிடம் எந்த நீதிமன்றமும் வசூலிக்க முடியாது என்பதும் உண்மை. அத்தகையவரோடு மாதம் 50 ரிங்கிட்டுக்கு ஒத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். கூட்டுச் சீட்டுக்கு இந்த வழி கைகொடுக்குமா என்பது சந்தேகம். அதைத் தொழிலாக நடத்துவதை 1971இன் சட்டம் தடை செய்திருப்பதால், சீட்டுப் பணத்தோடு ஓடியவர்மேல் போடும் வழக்கு அங்கேயே சிக்கிக்கொள்ளலாம். கடைக்காரரோடு தகராறு என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரை கேட்கும். சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் இலாகா இருக்கிறது. கைமாற்றுக்கு ஆறு ஆண்டுக் கெடு உண்டு, அதைத் தாண்டினால் உண்மையான கடனும் வழக்கில் நிற்காது. இதை நடைமுறைப்படுத்துவது கடினமல்ல: ரந்தாவிலோ பகாவிலோ ஒரு கோயில் அலுவலகம் 198ஆம் பாரத்தில் ஒரு கட்டை வாங்கி வைத்து, மலாயில் நிரப்பித் தரத் தெரிந்த ஓர் இளைஞரையும், பயிற்சி பெற்ற ஒரு பெண் சமரசரையும் வாரம் ஒரு மாலை அங்கே உட்கார வைக்க ஆகும் செலவு, ஒரு திருவிழாவின் பட்டாசுச் செலவைத் தாண்டாது.