பழைய ஜிப்ஸிக்கு புது இன்ஜின்: பழைய கியர்பாக்ஸோடு செட் ஆகுமா? சிக்கல் எங்கே வரும்?

பாடி நல்லா இருக்கு, ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்யுது, இன்ஜின்தான் மூச்சு வாங்குது. பழைய மாருதி ஜிப்ஸி வைத்திருக்கும் பலரின் புலம்பல் இது. 1985-ல் வந்த முதல் ஜிப்ஸியில் இருந்தது 970 சிசி கார்புரேட்டர் இன்ஜின். சக்தி சுமார் 45 குதிரைத்திறன்தான். நாலு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் மூணாவது கியருக்குப் போகவே யோசிக்கும். பின்னாளில் வந்த ஜிப்ஸியின் 1.3 லிட்டர் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் தருவதோ 80 குதிரைத்திறன். 'அதைத் தூக்கி இதில் வைத்தால் என்ன?' என்று தோன்றுவது இயல்பு.

வைக்கலாம். ஆனால் வண்டியில் எந்த கியர்பாக்ஸ் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

1996-ல் வந்த 'ஜிப்ஸி கிங்' வண்டியில் 1.3 லிட்டர் கார்புரேட்டர் இன்ஜினும் 5 கியர் பாக்ஸும் இருந்தன. எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினும் அதே குடும்பம் என்பதால் இங்கே பெரிய தொல்லை இல்லை. 970 சிசி வண்டியின் 4 கியர் பாக்ஸ் அப்படியல்ல.

இணையும் இடத்தில்தான் வம்பு

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் மணி வடிவ உறைக்கு 'பெல் ஹவுசிங்' என்று பெயர். அதன் போல்ட் துளைகள் 970-க்கு ஒரு மாதிரி, 1.3-க்கு வேறு மாதிரி. அதனால் நடுவில் 'அடாப்டர் பிளேட்' என்ற உலோகத் தகடு வேண்டும்.

தகட்டை லேத்தில் கடைந்துவிடலாம்தான். ஆனால், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுனி, இன்ஜின் கிராங்க் முனையில் உள்ள சின்ன பேரிங்குக்குள் நேராக உட்கார வேண்டும். தகட்டின் தடிமன் கூடினால் நுனி எட்டாது, குறைந்தால் இடிக்கும். மையம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு விலகினாலும் கிளட்ச் உதறும், பேரிங் கத்தும், ஆயில் சீல் கசியும். கண்ணளவில் 'சரியா இருக்கு சார்' என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். டயல் கேஜ் வைத்து அளப்பவரிடம் போங்கள். கிளட்ச் பிளேட்டின் பல் எண்ணிக்கை ஷாஃப்ட்டோடு பொருந்துகிறதா, ஸ்டார்ட்டர் மோட்டார் ஃப்ளைவீலைச் சரியாகக் கவ்வுகிறதா என்பதும் பூட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை.

இதற்குப் பதிலாக 5 கியர் பாக்ஸையும் சேர்த்தே வாங்குவது பல நேரம் புத்திசாலித்தனம். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாகத் தொங்குகிறது. கியர்பாக்ஸோடு ஒரு குட்டி ஷாஃப்ட்தான் அதை இணைக்கிறது. கியர்பாக்ஸ் மாறினால் மவுண்டையும் அந்த ஷாஃப்ட்டையும் சரிசெய்தால் போதும், டிரான்ஸ்ஃபர் கேஸைத் தொட வேண்டியதில்லை. நாலு கியரோடு நிறுத்தினால் ஹைவேயில் புது இன்ஜின் ஓயாமல் அலறும்.

சிலர் எஸ்டீம் காரின் இன்ஜினைத் தேடுகிறார்கள். குடும்பம் ஒன்றுதான். ஆனால் எஸ்டீமில் அது குறுக்காகப் படுத்திருக்கும், ஜிப்ஸியில் நெடுக்காக நிற்க வேண்டும். சம்ப், மவுண்ட், ஹோஸ் பாதை எல்லாவற்றையும் மாற்றி யோசிக்க வேண்டும்.

எம்.பி.எஃப்.ஐ. என்றால் வயரிங்கும் கூடவே வரும். இ.சி.யு., சென்சார்கள், அதிக அழுத்தம் தரும் பெட்ரோல் பம்ப், திரும்பி வரும் குழாய் எல்லாம் தேவை. கார்புரேட்டர் காலத்துப் பழைய ரப்பர் ஹோஸை அப்படியே விட்டால் அந்த அழுத்தத்தில் வெடித்து, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். பிரேக்கும் அந்த 45 குதிரைத்திறனுக்குப் போட்ட கணக்குதான் என்பதை மறக்காதீர்கள்.

ஆர்.சி. என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அதே ரக இன்ஜினைப் போடுவதாக இருந்தாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். புது இன்ஜின் எண் ஆர்.சி.யில் ஏற வேண்டும். பழைய இரும்புக் கடையில் வாங்குவதானால் பில்லும், அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற ஆதாரமும் கையில் இருக்கட்டும். ஆர்.சி.யில் ஒரு எண், வண்டியில் வேறு எண் என்றிருந்தால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்பது அதைத்தான்.