பட்டமரமும் உயிர்ப்பட்டையும்

ஜூனிப்பர் போன்சாயின் அடிமரத்தில் இரண்டு நிறங்கள் அருகருகே ஓடும். செம்பழுப்பாகப் புடைத்திருப்பது உயிருள்ள பட்டை. வெள்ளை வெளேரென்று உலர்ந்திருப்பது பட்டுப்போன மரம். இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு மேலேறும். பட்டை போய்ச் சேரும் இடத்தில் அடர்ந்த பச்சைத் தழை. வெள்ளை மரம் போய்ச் சேரும் இடத்தில் மொட்டைக் கொம்பு. இரண்டு முழ உயரம்கூட இல்லாத மரம் பல நூறு ஆண்டு புயலையும் பனியையும் கண்டதுபோல் நிற்பதற்கு இந்தப் பட்டமரமே காரணம். அதை உருவாக்குவதும் காப்பதும் தனிக் கலை. பனிக்காலமே இல்லாத, ஆண்டு முழுவதும் மழை கொட்டுகிற கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அந்தக் கலையின் சில விதிகள் மாறிவிடுகின்றன.

போன்சாய்க்குப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படுவது ஜூனிபெரஸ் சைனென்சிஸ் என்னும் இனம். அதன் மலைவகையை ஜப்பானியர் ஷிம்பாக்கு என்பர். இலை மிக நுணுக்கமான இட்டோயிகாவாவும், கிஷுவும் அதில் பெயர் பெற்ற ரகங்கள். இந்த மரத்துக்கு இரண்டு வகை இலை உண்டு. இளஞ்செடியில் விரலைக் குத்தும் ஊசி இலை. முதிர்ந்த மரத்தில் தண்டோடு படிந்து, தொட்டால் மெத்தென்று இருக்கும் செதில் இலை. முதிர்ந்த மரத்தை ஒரேயடியாக வெட்டித் தள்ளினால் மறுபடி ஊசி இலை விடத் தொடங்கும். மரம் திணறுகிறது என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

பட்டமரத்தை மனிதன் கண்டுபிடிக்கவில்லை. ஜப்பானின் இட்டோயிகாவா பகுதியில் சுண்ணாம்புப் பாறைச் செங்குத்துகளில் ஷிம்பாக்கு வளர்கிறது. பனிப்பாரம் கிளையை முறிக்கும், உருளும் கல் பட்டையை உரிக்கும், காற்று ஒரு பக்கத்தையே உலர்த்திவிடும். பாதி செத்தும் பாதி பிழைத்தும் நின்ற அந்த மரங்களைப் பறித்துவர ஒரு காலத்தில் ஆட்கள் கயிற்றில் தொங்கி உயிரைப் பணயம் வைத்தார்கள். மலையில் எடுக்கத்தக்க மரம் அருகிய பிறகு, நாற்றங்காலில் வளர்த்த மரத்திலேயே அந்த வடுக்களைக் கையால் உண்டாக்கும் நுட்பம் முக்கியமாயிற்று. ஒமியாவைச் சேர்ந்த மசாஹிகோ கிமுரா, 1940-இல் பிறந்தவர், மின்கருவிகளைக் கொண்டு பட்டமரத்தைச் செதுக்கி இந்த வேலையின் போக்கையே மாற்றினார்.

ஒரு மரம் பாதி செத்துப் பாதி வாழ்வது எப்படி? ஜூனிப்பரில் நீரோட்டம் அடிமரம் முழுவதும் கலந்து பரவுவதில்லை. ஒரு குறிப்பிட்ட வேர் உறிஞ்சும் நீர், அடிமரத்தில் ஒரு பட்டைக்கு அடியிலுள்ள மரத்தின் வழியாக ஏறி, ஒரு குறிப்பிட்ட கிளைக்கே பெரும்பாலும் போகிறது. அந்தக் கிளை முறிந்தால் அந்தப் பட்டைக்கும் வேலை போய்விடும்; கிளையின் கீழே அது வாடிச் சுருங்கி உரிந்துவிடும். பக்கத்துப் பட்டைக்கோ ஒன்றும் ஆவதில்லை. ஆண்டுதோறும் தடித்துப் புடைத்துக்கொண்டே போகும். ஆக, நல்ல ஜூனிப்பரின் அடிமரத்தைப் பார்த்தாலே எந்தக் கிளை எந்த வேரை நம்பி வாழ்கிறது என்று படித்துவிடலாம். பட்டமரம் செதுக்குவோர் மனத்தில் நிறுத்த வேண்டிய உண்மை இதுதான். வெள்ளைக் கோடு அழகுக்காகப் போடப்படுவது அன்று. உயிர்ப்பட்டை எங்கே ஓடுகிறதோ அதற்கு இடம் விட்டு மிச்சத்தில் அமைவது.

உரிந்த மரம் மட்கிப் போகாமல் நிற்பதற்கும் காரணம் உண்டு. ஜூனிப்பரின் வைரம் பாய்ந்த உள்மரத்தில் பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கும் நறுமண எண்ணெய்கள் இருக்கின்றன. பென்சில் சீவும்போது வரும் அந்தப் பழைய வாசனை ஜூனிப்பரின் வாசனையே. அமெரிக்காவின் ஜூனிபெரஸ் வர்ஜீனியானா நெடுங்காலம் பென்சிலுக்குப் பயன்பட்ட மரம். ஆனால் இந்தப் பாதுகாப்பு வைரத்துக்கு மட்டும்தான். வெளிப்புற இளமரம் எளிதில் இற்றுவிடும். விரல் பருமன் இளஞ்செடியில் செதுக்கிய பட்டமரம் நீடிக்காததற்குக் காரணம், அதில் வைரமே இன்னும் பாயவில்லை என்பதுதான்.

வேலையைத் தொடங்குமுன் மரம் வலுவாக இருக்க வேண்டும். ஜூனிப்பர் தன் பலத்தை இலையில்தான் சேர்த்து வைக்கிறது; இலையைக் கழிப்பது பலத்தைக் கழிப்பது. அதனால் தொட்டி மாற்றிய ஆண்டில் வடிவமைப்பதும், வடிவமைத்த ஆண்டில் தொட்டி மாற்றுவதும் கூடாது. ஒரு வஞ்சகமும் இந்த மரத்துக்கு உண்டு. வேர் செத்த பிறகும் இலை பல வாரம் பச்சையாகவே இருக்கும். நேற்று வரை நன்றாக இருந்ததே என்று சொல்லப்படும் மரம் பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு முன்பே செத்திருக்கும்.

முதல் வேலை, மேல்மண்ணை விலக்கி வேர் பிரியும் இடத்தைக் காண்பது. அடிமரத்தின் அசைவும் வேரின் பரப்பும் எந்தப் பக்கத்தில் நன்றாகத் தெரிகிறதோ அதுவே முன்பக்கம். அடுத்து, கரடுமுரடான வெளிப்பட்டையை மென்மையான தூரிகையால் தேய்த்தெடுத்தால் அடியில் செம்பழுப்புத் தோல் தெரியும். புடைத்த இடம் உயிர்ப்பட்டை. குழிந்த இடம் செத்தது அல்லது சாகப்போவது. பிறகுதான் எந்தக் கிளையை வைப்பது, எதைக் கழிப்பது என்ற முடிவு. கழிக்கும் கிளையையும் அடியோடு வெட்டிவிடக் கூடாது. பட்டமரக் கொம்பாக ஆகக்கூடியது அதுவே. வெட்டியபின் கொம்பை ஒட்டவைக்க முடியாது.

கிளை நுனியிலோ மர உச்சியிலோ விடும் பட்ட கொம்புக்கு ஜின் என்று பெயர். அதைச் செய்யும் முறை எளிது, ஆனால் அவசரம் ஆகாது. கிளையை 5 செண்டிமீட்டர் அளவுக்கு விட்டுவிட்டு நறுக்க வேண்டும். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் கூரான கத்தியால் பட்டையைச் சுற்றி, மரம் வரைக்கும் ஆழமாக ஒரு கோடு கீற வேண்டும். இந்தக் கோடு இல்லாவிட்டால் உரிக்கும் பட்டை அடிமரத்தின் உயிர்ப்பட்டையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு குறடால் கொம்பின் பட்டையை நசுக்கினால் ஈரமாக நெகிழ்ந்து, முருங்கைக்காய்த் தோல் போல நீளநீளமாக உரியும். உள்ளே வழவழப்பான வெளிர் மரம். அதன் நுனியைக் கத்தியால் சீவிக் கூராக்குவது பெரிய தவறு. நுனியைக் குறடால் பிளந்து, பிளந்த நாரைப் பிடித்துக் கீழ்நோக்கி மெல்லக் கிழிக்க வேண்டும். நார் தன் போக்கில் கிழியும். முடிச்சு வந்தால் விலகும், மெலிந்த இடத்தில் அறுந்துவிடும். காற்று முறித்த கிளையும் இப்படித்தான் முறியும். அப்போதுதான் உரித்த மரம் ஈரமாக இருப்பதால் கம்பி சுற்றி வளைக்கவும் இடம் கொடுக்கும். உலர்ந்தபின் அந்த வளைவு அப்படியே நிற்கும்.

உச்சியில் ஜின் விட்டால் மரத்தின் உயரம் கூடித் தோன்றும். இதற்குச் சிறந்த சான்று கோஷின். லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்த ஜான் நாகா ஃபெமினா ஜூனிப்பர் மரங்கள் பதினொன்றை ஒரே தட்டில் காடாக அமைத்து 1984-இல் அமெரிக்கத் தேசியப் போன்சாய் சேகரிப்புக்குக் கொடுத்தார். வாஷிங்டனில் இன்றும் நிற்கும் அந்தக் காட்டின் உச்சிகளில் வெண்கொம்புகளைக் காணலாம்.

அடிமரத்தில் பட்டையை உரித்து உண்டாக்கும் வெள்ளைப் பரப்பு ஷாரி. ஜின்னில் பிழை நேர்ந்தால் ஒரு கொம்பு போகும். ஷாரியில் பிழை நேர்ந்தால் மரமே போகும். சுண்ணக்கட்டியால் முதலில் கோடு வரைந்து, சில நாள் பார்த்துவிட்டு வெட்டுவதே நல்ல பழக்கம். கோடு உயிர்ப்பட்டையின் ஓட்டத்தோடு சாய்வாக ஏற வேண்டும். குறுக்கே வெட்டினால் மேலுள்ள கிளைக்கு நீர் நின்றுவிடும். முதல் ஆண்டில் ஒரு விரல் அகலம் போதும். ஓரத்துப் பட்டை உருண்டு திரண்டு புடைத்தபின் அடுத்த ஆண்டு சற்றே அகலப்படுத்தலாம். ஒரே நாளில் பாதிப் பட்டையை உரித்துவிட்டுப் படம் எடுப்பவர்கள் உண்டு. மரம் பிழைத்தாலும் அந்த ஷாரி தட்டையாக, வரைந்த கோடாகவே தெரியும். பல ஆண்டுகளில் படிப்படியாக அகன்றதில்தான் பட்டை மேடாகவும் மரம் பள்ளமாகவும் ஆழம் கிடைக்கும்.

கிளைகளுக்குச் செம்புக் கம்பியோ அலுமினியக் கம்பியோ சுற்றி வளைக்கலாம். கம்பியின் தடிமன் கிளையில் மூன்றில் ஒரு பங்கு. சுற்றும் கோணம் ஏறத்தாழ 45 பாகை. கடுமையாக வளைக்க வேண்டிய கிளைக்கு முதலில் நனைத்த ராஃபியா நாரை இறுக்கிச் சுற்றினால் பட்டை பிளக்காது. முதிய மரத்தின் கிளைகள் பனிப்பாரத்தில் தாழ்ந்திருக்கும் என்பதால் கிளையை முதலில் கீழே இறக்கி, நுனியை மட்டும் மேலே திருப்புவது வழக்கம். அடித்தழையைக் களைந்து தழையை அடுக்கடுக்கான தட்டுகளாக்க வேண்டும். ஆனால் எந்தக் கிளையிலும் கொஞ்சமேனும் பச்சை மிஞ்ச வேண்டும். மொட்டைக் கிளையிலிருந்து ஜூனிப்பர் துளிர்ப்பது அரிது. நுனிகளை நகத்தால் கிள்ளும் வழக்கமும் நல்லதல்ல. கிள்ளிய இடம் பழுப்பாகும், மரமும் மெலியும். நீண்ட தளிரை மட்டும் கத்தரியால் அதன் அடியில் வெட்டினால் போதும்.

இனி கிள்ளான் பள்ளத்தாக்கு. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகை வடக்கே இருக்கிறது. பகலில் 32, 33 பாகை வெப்பம், இரவில் 24; ஆண்டு மழை 2,400 மில்லிமீட்டரைத் தாண்டும். ஜப்பானிய நூல்கள் குளிர்காலத்தில் செய்யச் சொல்லும் வேலைக்கு இங்கே குளிர்காலமே இல்லை. சைனென்சிஸ் வகை இந்த வெப்பத்தைத் தாங்கி ஆண்டு முழுவதும் வளரும். அதனாலேயே கம்பியும் சீக்கிரம் பட்டையில் பதிந்துவிடும். குளிர்நாட்டில் ஓராண்டு விட்டுவைக்கும் கம்பியை இங்கே சில வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நீர் உடனே வடியும் மண் இன்றியமையாதது. ஜப்பானின் அக்காடாமா மண் நாள்தோறும் நனைந்தால் பொடிந்து சேறாகும். உடைத்த செங்கல்லும் எரிமலைக் கல்லும் பருமணலும் இங்கே நன்றாக நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோலாலம்பூரைக் கட்டச் செங்கல் சுட்ட பிரிக்பீல்ட்ஸில் இன்று அடுக்குமாடிகள். அவற்றின் பால்கனியில் வைக்கும் ஜூனிப்பருக்கு நாளில் பாதியளவேனும் நேர்வெயில் விழ வேண்டும். மழை படாத பால்கனியில் சிலந்திப்பேன் பெருகும். வெள்ளைத் தாளைத் தழையின் அடியில் பிடித்துத் தட்டினால், ஊரும் புள்ளிகளாக அது தெரிந்துவிடும். வரவேற்பறை மேசையில் வைத்த ஜூனிப்பர் பிழைக்காது.

இங்கே பட்டமரத்தின் பகை ஈரம். உரித்த மரத்துக்குச் சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய கரைசலைப் பூசுவது எங்கும் உள்ள முறை. பூசும்போது மஞ்சளாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருக்கும். வெயிலில் காயக்காய வெளுக்கும். அது மரத்தை வெளுக்கவும் செய்யும், பூஞ்சையையும் தடுக்கும். முதலில் மரத்தை நனைத்துக்கொண்டால் கரைசல் நன்றாக ஊறும். தொட்டி மண்ணைப் பிளாஸ்டிக்கால் மூடிக்கொள்ள வேண்டும். வேருக்கு அது ஆகாது. அமிலம் எதையும் அதனோடு கலந்தால் நச்சு வாயு வெளிவரும். மழை சற்றுக் குறையும் ஜூன், ஜூலையில் செதுக்குவதும் பூசுவதும் உகந்தவை. குளிர்நாட்டில் ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்றால், பாசி சீக்கிரம் படியும் இந்த ஊரில் அதைவிட அடிக்கடி தேவைப்படும். பூசுமுன் பழைய பல்துலக்கியால் பாசியைத் தேய்த்தெடுக்க வேண்டும். செதுக்கும்போதே தண்ணீர் தேங்கும் குழிகளைத் தவிர்ப்பது அதைவிட முக்கியம். எந்தப் பட்டமரமும் மண்ணைத் தொடும் இடத்தில்தான் முதலில் இற்றுப்போகும்.

மலேசியாவின் சொந்த மரம் ஒன்றும் இந்தக் கலைக்கு ஏற்றது. கடலோரப் பாறைகளில் வளரும் மெந்திகி, மருதாணியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கருவிப் பிடிக்கு உதவும் அளவுக்குக் கெட்டியான மரம்; உப்புக்காற்றில் இயற்கையாகவே பாதி பட்டுப்போய் முறுக்கிக்கொண்டு நிற்கும். வெப்பமண்டலப் பட்டமரக் கலைக்கு ஜூனிப்பரைவிடவும் மெந்திகியே பொருத்தம். கடற்கரையிலிருந்து பெயர்த்தெடுப்பது அந்தக் கரைக்கே இழப்பு என்பதால், நாற்றங்காலில் பதியம் போட்டு வளர்த்த செடியைத்தான் வாங்க வேண்டும்.

செடி தேடுவோர்க்குக் கோலாலம்பூரை அடுத்த சுங்கை பூலோ நல்ல இடம். 1930-இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியேற்றத்தில் குணமடைந்தவர்கள் செடி வளர்த்து விற்கத் தொடங்கி, பின்பு நாடறிந்த நர்சரிப் பகுதியாக வளர்ந்தது அது. புதிதாகத் தொடங்குகிறவர் அங்கே கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத அடிமரமுள்ள ஜூனிப்பராகப் பார்த்து வாங்கி, ஓராண்டு கத்தி வைக்காமல் வெயிலில் வளர்க்கட்டும். இரண்டாம் ஆண்டில் தேவையற்ற ஒரே ஒரு கிளையை ஜின் ஆக்கிப் பார்க்கட்டும். ஷாரிக்கு அதன் பிறகு நாள் பார்த்துக்கொள்ளலாம்.