வெள்ளைக்காரனை எதிர்த்த வக்கீல் வெட்டிய ஏரி!
தண்ணீர் நிரம்புமுன் உயிர் போனது

பொத்தேரி:

பொத்தேரி ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நிற்கிற கூட்டத்தில் பாதிப்பேர் சென்னையில் வேலை பார்ப்பவர்கள். அங்கே போய்க் குழாயைத் திருப்பிக் குடிக்கிற தண்ணீருக்குப் பின்னால் ஒரு ஜெயில் கதை இருக்கிறது.

பூண்டி ஏரி இப்போது திருவள்ளூர் மாவட்டம். 1997 வரை அதுவும் பொத்தேரியும் ஒரே செங்கல்பட்டு ஜில்லாதான்!

அந்த ஏரிக்கு அடிபோட்டவர் தீரர் சத்தியமூர்த்தி. புதுக்கோட்டை திருமயத்தில் 1887-ல் பிறந்தவர். தொழில் வக்கீல். ஆனால் கோர்ட்டை விட மேடையும் சட்டசபையும்தான் அவருக்குப் பிடித்தது. 1930-ல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவிலில் தேசியக் கொடி ஏற்றப் போய் மாட்டினார். 1935 முதல் டெல்லி மத்திய சட்டசபையில். கேள்வி நேரத்தில் அவர் எழுந்தால் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வேர்க்கும்.

மேயர் ஆனார்

1939-ல் சென்னை மேயர். ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். செங்குன்றம் ஏரி போதவில்லை. அதே வருஷம்தான் உலக யுத்தமும் தொடங்கியது. 'யுத்த நேரத்தில் ஏரியா?' என்று இழுத்தது சர்க்கார். மனுஷன் விடவில்லை. யாரை வெளியே போ என்றாரோ, அவர்களிடமே மல்லுக்கட்டி அனுமதி வாங்கினார். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1940-ல் வேலை ஆரம்பம்.

நழுவிய சீடர்

1942 ஆகஸ்டு. பம்பாய் காங்கிரசில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம். ஊர் திரும்பும் வழியெல்லாம் போலீஸ். சீடர் காமராஜர் அரக்கோணத்தில் இறங்கி நழுவிவிட்டார். குரு பிடிபட்டார்.

அவரைக் கொண்டுபோய் அடைத்தது பக்கத்து ஜெயிலில் இல்லை. எங்கேயோ இருக்கிற அமராவதியில்! முதுகெலும்பில் அடி. ஏற்கெனவே நோயாளி உடம்பு, தாங்குமா? 1943 மார்ச் 28-ந்தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 55.

பூண்டி அணை முடிந்தது 1944-ல். செலவு சுமார் 65 லட்சம் ரூபாய். பிற்பாடுதான் 'சத்தியமூர்த்தி சாகர்' என்று பெயர் வைத்தார்கள். 1996-ல் ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா தண்ணீர் வந்தபோதும் முதலில் வந்து விழுந்தது இந்தப் பூண்டியில்தான். அங்கிருந்துதான் செங்குன்றம் போய் சென்னைக்குப் போகிறது.