மஞ்சப்பை கடைக்குப் போகிறதா, ஆணியில் தொங்குகிறதா?

வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு கொடுத்த தாம்பூலப் பைகள், ஜவுளிக்கடைப் பைகள், ஏதோ ஒரு விழாவில் கொடுத்த பை, வீட்டிலிருந்து எடுத்துப்போக மறந்து கடையிலேயே காசு கொடுத்து வாங்கிய பை... பல வீடுகளில் எண்ணிக்கை இருபதைத் தாண்டிவிடும். ஆனால், அவற்றில் கடைக்குப் போய் வருவது என்னவோ ஒன்றிரண்டுதான்.

'துணிதானே, பிளாஸ்டிக் இல்லையே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்று நினைப்போம். ஆனால், துணிப்பைக்கும் ஒரு சுற்றுச்சூழல் கணக்கு இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை அமலில் இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. இரண்டுமே தேவையான முயற்சிகள்தான். ஆனால், பை மாறினால் மட்டும் போதுமா, பழக்கமும் மாற வேண்டாமா? இதற்கு விடை சொல்ல ஒரு கணக்கு முறை உண்டு. அதன் பெயர் 'வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு'.

பிறப்பு முதல் குப்பை வரை

ஒரு பொருளைக் கடையில் பார்க்கும்போது அதன் வாழ்க்கையின் நடுப்பகுதியைத்தான் பார்க்கிறோம். அதற்கு முன்னும் பின்னும் நீண்ட கதை இருக்கிறது. மூலப்பொருள் எடுப்பது, தொழிற்சாலையில் தயாரிப்பது, கடைக்குக் கொண்டுவருவது, நாம் பயன்படுத்துவது, கடைசியில் குப்பைக்குப் போவது என மொத்தம் ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு கார்பன், எவ்வளவு கழிவு என்று கூட்டிப் பார்ப்பதுதான் இந்த மதிப்பீடு.

இதன் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று 1969-ல் அமெரிக்காவில் நடந்தது. கண்ணாடி பாட்டிலா, பிளாஸ்டிக் பாட்டிலா, எது மேல் என்று தெரிந்துகொள்ள கோகோ கோலா நிறுவனம் ஓர் ஆய்வை நடத்தியது. பின்னர் 1997-ல் ஐ.எஸ்.ஓ 14040 என்ற சர்வதேசத் தரநிலை வந்து, இந்தக் கணக்குக்குப் பொதுவான விதிகளை வகுத்தது.

அந்த விதிகளில் முக்கியமானது, ஒரே அளவு வேலையைச் செய்யும் பொருட்களைத்தான் ஒப்பிட வேண்டும் என்பது. 'ஒரு துணிப்பை, ஒரு பிளாஸ்டிக் பை' என்று ஒப்பிடுவது தவறு. 'ஒரு வருடம் மளிகைச் சாமான் சுமக்க எத்தனை துணிப்பை வேண்டும், எத்தனை பிளாஸ்டிக் பை வேண்டும்?' என்று கேட்பதுதான் சரி.

துணிப்பை சுமந்து வரும் கடன்

துணிப்பையின் கதை பருத்திக் காட்டில் தொடங்குகிறது. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலக சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் தேவைப்படுகிறது. 100 கிராம் எடையுள்ள ஒரு பைக்கு 1,000 லிட்டர். உரம், பூச்சிமருந்து, நூற்பாலை மின்சாரம் எல்லாம் தனி. அடுத்து சாயம். திருப்பூர் சாயக்கழிவு நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் என்ன பாடு படுத்தியது என்பது நமக்குத் தெரியும். 2011-ல் சாயப்பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆக, ஒரு துணிப்பை நம் கைக்கு வரும்போதே ஒரு கடனைச் சுமந்துதான் வருகிறது. கடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கடனில் ஒரு தவணை அடைகிறது. மொத்தம் எத்தனை தவணை?

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வு, புவி வெப்பமாதல் கணக்கில் மட்டும் 131 தவணை என்றது. ஒரே ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையை வெல்ல, பருத்திப் பையை அத்தனை முறை பயன்படுத்த வேண்டும். வாரம் ஒருமுறை கடைக்குப் போனால் இரண்டரை வருடம்.

டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் செய்த ஆய்வில், புவி வெப்பமாதல் கணக்கில் 52 முறை போதும் என்று வந்தது. அங்கே ஒப்பிட்ட பிளாஸ்டிக் பை வேறு வகை என்பதால் எண்ணும் வேறு. ஆனால், தண்ணீர், மண், காற்று என எல்லா அளவுகோல்களிலும் பருத்திப் பை ஜெயிக்க வேண்டும் என்றால் 7,100 முறை என்றது அதே ஆய்வு. ஓசோன் படலத்துக்கான பாதிப்பு என்ற ஓர் அளவுகோல்தான் அந்த எண்ணை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனது.

அப்படியென்றால் பிளாஸ்டிக் நல்லதா?

இந்த 7,100 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, 'பார்த்தீர்களா, பிளாஸ்டிக்தான் நல்லது' என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. டென்மார்க்கில் குப்பையில் போடும் பை எரிக்கப்பட்டு, அந்த வெப்பமும் மின்சாரமாகப் பயன்படுகிறது. தெருவில் பறக்கும் பைகளை அந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை.

நம் ஊரில் கதை வேறு. சாக்கடையை அடைத்து மழைநீரைத் தெருவில் தேக்குவதும், மாட்டின் வயிற்றில் கிலோ கணக்கில் சேர்வதும், ஆற்று வழியாகக் கடலுக்குப் போவதும் பிளாஸ்டிக் பைதான். துணிப்பை இதையெல்லாம் செய்வதில்லை. எந்த மதிப்பீட்டைப் படித்தாலும், 'எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள்?' என்று கேட்டுவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

எனவே, பிளாஸ்டிக்கைத் தவிர்த்தது சரி. ஆனால், நூறு முறை போய் வரும் ஒரு மஞ்சப்பைதான் சுற்றுச்சூழலுக்கு நண்பன். ஆணியில் தொங்கும் இருபது பைகள் அல்ல.

போனும் ஃபேனும்

இதே கணக்கை, இப்போது உங்கள் கையில் இருக்கும் போனுக்கும் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனுக்கும் போட்டுப் பார்த்தால் இரண்டு நேர்மாறான விடைகள் கிடைக்கும்.

ஐபோன் 13 மாடலின் ஆயுள் முழுவதற்கும் 64 கிலோ கார்பன் என்று ஆப்பிள் நிறுவனம் கணக்குக் காட்டியது. அதில் சுமார் 80 சதவிகிதம், போன் நம் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பில் வெளியாகிவிடுகிறது. சார்ஜ் போடும் மின்சாரம் மிகக் குறைவு. தினமும் முழுதாக சார்ஜ் செய்தாலும் வருடத்துக்கு 10 யூனிட்கூட வராது.

ஃபேன் அப்படியில்லை. பழைய வகை சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். தினமும் 12 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 328 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் கார்பன் வெளியாகிறது. அப்படியானால் ஒரு ஃபேன் ஒரே வருடத்தில் 230 கிலோ! அந்த போன் தன் ஆயுள் முழுக்க வெளியிடுவதைப்போல மூன்றரை மடங்கு. அதே காற்றைத் தரும் பி.எல்.டி.சி ஃபேன் சுமார் 30 வாட்தான் எடுக்கும். வருடத்துக்கு 131 யூனிட் போதும்.

போனின் சுமை தயாரிப்பில். ஃபேனின் சுமை பயன்பாட்டில். அதனால், போனை எவ்வளவு காலம் தள்ளி மாற்றுகிறோமோ அவ்வளவு நல்லது. நாள் முழுக்க ஓடும் பழைய ஃபேனை எவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறோமோ அவ்வளவு நல்லது. 'பழசையே வைத்துக்கொள்வது எப்போதும் நல்லது' என்பதும் சரியில்லை, 'புதுசு வாங்கினால் மிச்சம்' என்பதும் எப்போதும் சரியில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

* ஒரு பொருள் வாங்கும் முன், 'இதன் சுமை எந்தக் கட்டத்தில் அதிகம்?' என்று யோசியுங்கள். பிளக்கில் செருகி மணிக்கணக்கில் ஓடும் ஃபேன், ஃப்ரிட்ஜ், ஏ.சி என்றால் மின்சாரச் செலவைப் பாருங்கள், ஸ்டார் ரேட்டிங் பாருங்கள்.

* துணி, பை, பாத்திரம், போன், மேஜை நாற்காலி என்றால், எத்தனை வருடம் உழைக்கும், ரிப்பேர் செய்ய முடியுமா என்று பாருங்கள். போனில் பேட்டரி போய்விட்டால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள்.

* இரண்டு பைகளை வண்டி டிக்கியிலோ கைப்பையிலோ நிரந்தரமாக வைத்துவிடுங்கள். கடையில் புதிதாக வாங்கும் தேவை பெரும்பாலும் இருக்காது. மிச்சப் பைகளை உங்கள் தெரு காய்கறி வண்டிக்காரருக்கோ மளிகைக் கடைக்கோ கொடுங்கள். பை கொண்டுவர மறந்தவர்களுக்கு உதவும்.

* வீட்டில் விசேஷம் வந்தால், தாம்பூலப் பையைக் கொஞ்சம் கெட்டித் துணியில், ஐந்து கிலோ அரிசி தாங்கும்படி, காது நன்றாகத் தைத்ததாகக் கொடுங்கள். மணமக்கள் பெயரைப் பெரிதாக அச்சடித்த மெல்லிய பையைக் கடைக்கு எடுத்துப் போகப் பலரும் கூச்சப்படுகிறார்கள்.

அந்த விசேஷத்துக்கு வந்தவர்கள் இரண்டரை வருடம் கழித்தும் அதே பையில் கத்திரிக்காய் வாங்கி வந்தால், அந்தப் பை தன் கடனை அடைத்துவிட்டது என்று அர்த்தம்.