மாத்திரையை ஏன் நசுக்கக் கூடாது?



பெரியவர்களுக்கு மாத்திரை விழுங்கச் சிரமமாக இருந்தால், அதைக் கரண்டியால் நசுக்கிக் கஞ்சியிலோ தேனிலோ குழைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். அன்போடு செய்கிற காரியம்தான். ஆனால், சில மாத்திரைகளை இப்படிப் பொடியாக்கினால் அவை பயனற்றுப் போகும். சில ஆபத்தாகவும் முடியும். அதற்குக் காரணம் என்ன?

தூளை அச்சில் இட்டு அழுத்தி மாத்திரையாக்கும் முறைக்கு 1843-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் பிராக்கிடன் காப்புரிமை பெற்றார். அவர் ஓர் ஓவியர். பென்சிலுக்குள் இருக்கும் காரீயத் தூளையும் மருந்துத் தூளையும் ஒரே விதமாக அழுத்திக் கட்டியாக்க வழி கண்டார். அன்று மாத்திரை என்பது வெறும் கட்டிதான். இன்றோ, மருந்து உடம்பில் எங்கே கரைய வேண்டும், எவ்வளவு நேரத்தில் கரைய வேண்டும் என்று கணக்கிட்டே பல மாத்திரைகளைச் செய்கிறார்கள்.

நாம் விழுங்கும் மருந்து முதலில் இரைப்பைக்குப் போகிறது. பிறகு சிறுகுடலில் இரத்தத்தோடு கலந்து, கல்லீரல் வழியாக உடம்பெங்கும் பரவுகிறது. இந்தப் பயணத்தில் தடைகள் உண்டு.

முதல் தடை இரைப்பையின் அமிலம். வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் ஒமெப்ரசோல் என்னும் மருந்தை அந்த அமிலமே அழித்துவிடும். ஆகவே அதை அமிலத்தில் கரையாத மேலுறை இட்டுச் செய்கிறார்கள். உறை குடலுக்குப் போன பிறகே கரையும். நசுக்கினால் உறை உடைந்து, மருந்து வீணாகும்.

அடுத்தது கல்லீரல். நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் மருந்தை விழுங்கினால், கல்லீரல் அதில் பெரும்பகுதியை அழித்துவிடும். ஆகையால்தான் அதை நாக்கின் அடியில் வைக்கச் சொல்கிறார்கள். அங்கிருந்து அது நேராக இரத்தத்தில் சேருகிறது. நீரிழிவுக்கான இன்சுலினோ ஒரு புரதம். வாய்வழியாகக் கொடுத்தால், நாம் உண்ணும் முட்டையைப் போல அதுவும் செரித்துவிடும். எனவே ஊசியாகப் போடுகிறார்கள்.

இனி, முக்கியமான ஒன்றைக் கேளுங்கள். வெட்டிய ரப்பர் மரத்திலிருந்து பால் மங்கில் சொட்டுச் சொட்டாக வடிவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போலவே மருந்தைச் சிறிது சிறிதாக வெளியிடும் மாத்திரைகளும் உண்டு. 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்மித் கிளைன் அண்டு பிரெஞ்ச் நிறுவனம், வெவ்வேறு கனத்தில் உறையிட்ட சிறு மணிகளை ஒரு கூட்டுக்குள் அடைத்து விற்கத் தொடங்கியது. மெல்லிய உறை முதலில் கரையும். தடித்த உறை பிறகு கரையும்.

இரத்த அழுத்தத்திற்கான இத்தகைய மாத்திரை ஒன்றில் நாள் முழுவதற்கும் வேண்டிய மருந்து இருக்கும். அதை நசுக்கினால் அவ்வளவும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். அழுத்தம் திடீரென்று குறைந்து, மயங்கி விழ நேரிடலாம். உயிருக்கே ஆபத்து வரலாம்.

இவற்றை எப்படி அறிவது? மருந்துப் பெயரின் பின்னால் எக்ஸ்.ஆர்., எஸ்.ஆர்., எல்.ஏ. போன்ற எழுத்துகள் இருந்தால், அது மெதுவாகக் கரையும் மருந்து என்று பொருள். எழுத்து இல்லாவிட்டாலும் கேட்டுவிடுவதே நல்லது. நடுவில் கோடு இருக்கிறதே என்று நாமாக உடைக்கவும் வேண்டாம். இவ்வகை மாத்திரைகள் சிலவற்றின் வெறும் கூடு மலத்தில் வெளிவரும். அதைக் கண்டு பயந்து இன்னொன்றை விழுங்கிவிடாதீர்கள். மருந்து ஏற்கெனவே உடம்பில் சேர்ந்திருக்கும்.

விழுங்க முடியவில்லை என்பதற்காக மருந்தை நிறுத்திவிடவும் கூடாது. கிளினிக்கில் மருந்து வாங்கும்போதே, "இதை உடைக்கலாமா? தண்ணீர் மருந்தாகக் கிடைக்குமா?" என்று கேளுங்கள். பல மருந்துகளுக்கு மாற்று வடிவம் உண்டு. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். அதைச் சொல்வது மருந்து கொடுப்பவரின் கடமை.